வடிவத்தைக்கு மீசை

ஜூன் 9, திங்கள்

மாலை ஐந்தே காலுக்கு மனைவி வடிவை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அங்கே தனியாகத் தங்கி வேலை பார்க்கும் எங்கள் மகள் உலகம்மை, ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக் கூடாதாம். அதனால் அம்மா துணைக்குப் போகிறாள்.

மகள் கால் உடைந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்று யாரும் தப்பாக எண்ணக் கூடாது. கால் உடைந்தது வருத்தம். வடிவு ஊருக்குப் போனது வேறு விஷயம். அதை வேறு கோப்பில் வைக்க வேண்டும்.

இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் நான் சத்தமில்லாமல் ஒரு வரி எழுதியதில்லை. வடிவு அடுக்களையில் பேசிக்கொண்டே இருப்பாள். யாரோடு என்று கேட்டால் பதில் கிடையாது. பாலோடு பேசுவாள், அணிலோடு பேசுவாள், அடைத்துக்கொண்ட குழாயோடு பேசுவாள். இனி ஆறு வாரம் தென்காசியிலேயே அமைதியான வீடு என்னுடையதுதான்.

அதற்குள் என் இருபத்தைந்தாவது புத்தகத்தை முடிக்க வேண்டும். ஜூலை 15 கெடு. இந்தப் புத்தகத்தின் அட்டையில், முதல் தடவையாக, என் பெயர் வர வேண்டும். ம. அருணாசலமூர்த்தி. வேளாண்மை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், இருபத்திநான்கு சிறுவர் நூல்களின் ஆசிரியன், ஆனால் என் பெயர் இதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

காரணம் சொல்கிறேன். முதல் கதையை என் பெயரில் மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். மூன்றும் திரும்பின. பெண் பெயரில் அனுப்பினால் போடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்தக் காலத்தில் பாதிப்பேர் பெண்டாட்டி பெயரில்தான் எழுதினார்கள். நானும் 'செண்பகவடிவு' என்று போட்டு அனுப்பினேன். அடுத்த வாரமே வந்துவிட்டது. அன்று பிடித்த சனியன். இப்போது பிள்ளைகளுக்கு நான் 'வடிவத்தை', அதாவது வடிவு அத்தை. மாதம் பத்துக் கடிதம் வருகிறது. 'அன்புள்ள அத்தைக்கு, நீங்க என்ன கலர் சேலை கட்டுவீங்க?' இதற்கு மீசை வைத்த நான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.

ஜூன் 10

அமைதி அருமை. முதல் பக்கத்தில் என் பெயரைப் பதினொரு விதமாக எழுதிப் பார்த்தேன். இனிஷியல் இருந்தால்தான் கம்பீரம்.

ஜூன் 12

கதை தொடங்கிவிட்டது. 'ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது.' நல்ல தொடக்கம். நாளை மேலே போகலாம்.

ரசம் வைத்தேன். ரசம் மாதிரிதான் இருந்தது.

ஜூன் 13

யானை நிற்கிறது.

ஜூன் 14

இன்னும் நிற்கிறது. வாலை ஆட்ட வைத்தேன். ஆட்டிவிட்டு மறுபடி நிற்கிறது.

என் மேசையைப் பற்றி ஒரு குறிப்பு. முன்னறையில் காற்றும் வெளிச்சமும் உள்ள ஜன்னல் பக்கம் காலியாக இருக்க, நான் அடுக்களைச் சுவரை ஒட்டி மேசையைப் போட்டிருக்கிறேன். அந்தச் சுவரில் புகை போக ஒரு சின்னச் சாளரம் உண்டு. ஏன் இங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் வாஸ்து என்பேன். வடிவின் பேச்சு அதன் வழியாக அப்படியே காதில் விழும். தொல்லைதான். கவனம் சிதறாமல் இருக்க அவள் பேச்சை அப்படியே குறித்துக்கொள்வது என் வழக்கம். இது ஒரு மனப்பயிற்சி.

இன்று சாளரம் வழியாகக் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் வந்தது. அதையும் குறித்துப் பார்த்தேன். 'டொக்.' கதையாகத் தேறவில்லை.

ஜூன் 17

மல்லித்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்க வடிவைப் போனில் கூப்பிட்டேன்.

"மேல் தட்டுல, பச்ச மூடி டப்பா. ஆனா மூடிய மெதுவா தெறங்க, கேட்டேளா. அதுக்கும் சீனி டப்பா மூடிக்கும் ரெண்டு வாரமா பேச்சுவார்த்தை இல்ல. ஒரு நாள் அவசரத்துல நான் மாத்தி மூடிட்டேன். அன்னையிலேருந்து ரெண்டும் அவங்கவங்க வீட்டுக்குப் போவமாட்டேன்னு ஒரே அடம்..."

பதினைந்து நிமிஷம் பேசினாள். பேசி முடித்தபோது என் நோட்டில் இரண்டரைப் பக்கம் நிறைந்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை. வைக்கும் முன் உலகம்மை போனை வாங்கி, "அப்பா, பேனா கிறுக்குற சத்தம் இங்கவரைக்கும் கேக்குது" என்றாள். மின்விசிறிச் சத்தம் என்றேன்.

ஜூன் 19

பெருங்காயம் எங்கே என்று போன் செய்தேன். ஒன்றேகால் பக்கம்.

ஜூன் 20

புளி. மூன்று பக்கம்.

ஜூன் 21

உப்பு எங்கே என்று கேட்டேன். "அடுப்புக்குப் பக்கத்துலதான இருக்கும், இருபத்தேழு வருஷமா அங்கனதான இருக்கு" என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். ஒரு வரிகூடத் தேறவில்லை. உப்புக்குப் பதிலாகக் கசகசாவைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 24

பதிப்பாளர் ஞானதிரவியம் திருநெல்வேலியிலிருந்து வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என் பெயர் விஷயத்தை எடுத்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடக் கூடாது. பிள்ளைங்க வடிவத்தையத்தான் தேடும். திடீர்னு அருணாசலமூர்த்தின்னு போட்டா, ரேஷன் கடை ஆபீசரு எழுதுன புத்தகம்னு நெனச்சுக்கிடும்."

"எழுதினது நான்தானய்யா!"

"அத யாரு இல்லன்னா? ஒண்ணு செய்வோம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடத்துல உங்க புத்தகம்னா உயிர விடுதாங்க. தலைமையாசிரியை பூரணம் டீச்சர் மூணு வருஷமா எழுத்தாளரக் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சுதாங்க. ஜூலை நாலாந்தேதி போயிட்டு வாங்க. நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க. பிள்ளைங்க ஏத்துக்கிட்டா, மறுபேச்சு கிடையாது, உங்க பேரு அட்டையில."

சம்மதித்துவிட்டேன். பிள்ளைகள்தானே. என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

ஜூன் 28

ஒரு தீர்மானம் செய்தேன். போன் செய்யாமல், யார் பேச்சும் காதில் விழாமல், முழுக்க என் சொந்த மூளையில் யானைக் கதையை முடிப்பது. காலையில் உட்கார்ந்தேன், மத்தியானம் முடித்துவிட்டேன். காலந்தவறாமையால் யானை அடையும் உயர்வு பற்றியது. யானை விடுப்பு விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் எனக்கே புல்லரித்தது.

பக்கத்து வீட்டு முப்பிடாதியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். ஏழு வயசு. சுவரில் சாய்ந்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள். ஒன்பது பக்கம் முடிந்ததும், "தாத்தா, யானை எப்ப வரும்?" என்றாள்.

"யானைதானம்மா முதல் வரியிலேருந்து வருது."

"அது ஆபீசர்ல்லா?" என்று சொல்லிவிட்டுப் பல்லாங்குழி ஆடப் போய்விட்டாள். நச்சென்று சொல்லிவிட்டது சனியன். ஒன்பது பக்கத்தையும் கிழித்தேன்.

ஜூலை 1

உலகம்மை தானாகவே போன் செய்தாள்.

"அப்பா, உப்பு எங்கன்னு கேட்டீங்களாமே. அம்மா பத்து நாளா சொல்லிச் சொல்லிச் சிரிக்கா."

"அவசரத்துல தெரியல."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லவா? சின்னப் பிள்ளையில நான் அம்மாகிட்ட, ஏம்மா நிறுத்தி நிறுத்திப் பேசுதன்னு கேப்பேன். 'அந்தப் பக்கம் பேனா சத்தம் நிக்கட்டும்ட்டி, அப்புறம் அடுத்தது சொல்லுதேன்'னு சொல்லுவா."

சாரல் மழையில் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இன்று முழுக்க வேலை ஓடவில்லை. பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினேன். இருபத்திநான்கையும் தட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளி வாசலில் பெரிய பேனர். 'எங்கள் அன்பு வடிவத்தையே, வருக!' இருநூறு பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கையில் காகிதப் பூவோடு நின்றார்கள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். எல்லாரும் எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. ஆட்டோ போய்விட்டது.

ஞானதிரவியம் பூரணம் டீச்சரிடம் 'எழுத்தாளர் வருகிறார்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் முறைப்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள். மேடையில் தட்டு: மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ரவிக்கைத் துணி, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், இரண்டு முழம் பிச்சிப்பூ. நான் விஷயத்தை விளக்கியதும் டீச்சர் முகம் சிவந்து, தட்டை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நான் பூவோடும் வளையலோடும் நின்றேன். முன்வரிசையில் ஒரு பொடிசு கூவியது: "டீச்சர்! வடிவத்தைக்கு மீசை இருக்கு!"

இருநூறு பேரும் சிரித்தார்கள். ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மைக்கைப் பிடித்தேன். அந்தப் புத்தகங்களை எழுதியது நான்தான், அத்தை என்பது புனைபெயர் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. ஏமாந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "கேள்வி கேளுங்க" என்றேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். இரட்டைச் சடை, கையில் என் பதினாறாவது புத்தகம், அட்டை கிழிந்து நூலால் தைத்தது.

"சார், வாடகை வீட்டுக்குப் போன ஆமை, கடைசிப் பக்கத்துல வீட்ட விட்டுப் போவும்போது ஏன் கதவ மூடல?"

இந்தப் புத்தகத்தின் முடிவைப் பற்றி ஒரு மதிப்புரையாளர், 'முடிவைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்ட துணிச்சல்' என்று எழுதினார். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். உண்மையை எழுதலாமா என்று யோசித்தேன். டைரிதானே, எழுதுகிறேன். அன்றைக்கு ஆமை வாசலைத் தாண்டுகிற நேரம் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. வடிவு வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து சிலிண்டர்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். கதை அங்கேயே நின்றது. நானும் 'முற்றும்' போட்டேன்.

"சொல்லுங்க சார், ஏன் மூடல?"

"அது... நீங்களே யோசிச்சுப் பார்க்கணும்."

"நாங்க ரெண்டு வருஷமா யோசிக்கோம் சார். எங்க அக்கா காலேஜ் போயிட்டா, அவளும் யோசிக்கா."

இருநூறு ஜோடிக் கண்கள். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம், ஒன்று கூட வாயில் வரவில்லை. என் சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்து வடிவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக்கில் வைத்தேன்.

"என்னங்க, இப்ப என்னத்தக் காணோம்?" என்றாள் வடிவு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்க.

"வடிவு, அந்த ஆமை... கதவ ஏன் மூடல?"

எந்த ஆமை, என்ன கதவு என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

"யாரு கேக்கா?"

"பிள்ளைங்க. இருநூறு பேரு."

"அடப் பாவிங்களா, இத்தன நாள் கதவத் தெறந்து போட்டுட்டா உக்காந்திருக்கீய? பிள்ளைகளா, கேட்டுக்கோங்க. ஆமைக்குக் கதவு பூட்டத் தெரியாது. அது முதுகுல இருக்க வீட்டுக்கு என்னைக்குக் கதவு இருந்துச்சு? தலைய உள்ள இழுத்தா வீடு பூட்டியாச்சு, தலைய வெளிய நீட்டினா வீடு தெறந்தாச்சு. அன்னைக்கும் தெருவுல நின்னு, லபக்னு தலைய உள்ள இழுத்துச்சு. ஆங், பூட்டியாச்சுன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாப் போயிருச்சு. இங்க வீடு பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு!"

இருநூறு பிள்ளைகளும் சட்டைக் காலருக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். பிறகு வெளியே நீட்டினார்கள். மறுபடி இழுத்தார்கள். பூரணம் டீச்சரும் ஒரு தடவை இழுத்ததை நான் பார்த்தேன்.

"தெறந்த வீட்டுக்குள்ள யாரு வந்தா அத்தை?" என்று கத்தியது இரட்டைச் சடை.

"அதக் கேளு!" என்றாள் வடிவு. அவ்வளவுதான். முப்பத்தைந்து நிமிஷம். பூனை வந்தது, பூனையைத் தேடிக்கொண்டு பால்காரர் வந்தார், கடைசியில் ஆமையே வழிதவறி அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது. நான் இடது கையால் போனை மைக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துவிட்டது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் வலது கை தட்டிலிருந்த வெற்றிலை பொதிந்த காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தது. காகிதம் நழுவாமல் பூரணம் டீச்சர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தானா சார்?" என்று மெல்லக் கேட்டார்கள்.

காகிதத்தைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன்.

கண்ணில் தண்ணீர் வந்தது. சாக்பீஸ் தூசி என்று எழுதலாம் என்று பார்த்தேன். அந்தப் பள்ளியில் கரும்பலகையே கிடையாது, எல்லாம் மார்க்கரில் எழுதும் வெள்ளைப் பலகை. எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் பெண்டாட்டி என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 6

வடிவுக்குப் போன் செய்தேன். மளிகைச் சாமான் எதையும் விசாரிக்கவில்லை.

"யானை நிக்குது வடிவு. நகரமாட்டேங்குது."

"எத்தன நாளா?"

"ஜூன் பன்னெண்டாந்தேதியிலேருந்து."

"ஐயோ பாவம். கால் வலிக்குமே. எங்கன நிக்குது?"

"நாலு ரோடு சேருற இடத்துல."

"அப்ப அது வழி தெரியாம நிக்குது. கேக்க வெக்கம். இம்புட்டுப் பெரிசா வளந்துட்டு, ஒரு எறும்புகிட்டப் போயி வழி கேட்டா நல்லாவா இருக்கும்னு நிக்குது."

நான் எழுதிக்கொண்டேன். எழுதி முடிக்கும்வரை அவள் பேசாமல் இருந்தாள். இந்தத் தடவை அதைக் கவனித்தேன்.

"எழுதியாச்சு" என்றேன்.

"சரி. அப்ப ஒரு எறும்பு வருது" என்றாள்.

ஜூலை 10

யானை வீடு போய்ச் சேர்ந்தது. அறுபத்திரண்டு பக்கம். கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே.

ஜூலை 13

ஞானதிரவியம் அட்டைப் படத்தோடு வந்தார். சந்தோஷத்தில் படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நடந்ததை யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, ஊரெல்லாம் பிள்ளைகள் தலையை இழுத்துக்கொண்டு திரிகிறார்களாம்.

"பிள்ளைங்க உங்கள ஏத்துக்கிட்டாச்சு. சொன்ன சொல்லு தவறமாட்டான் இந்த ஞானதிரவியம். பாருங்க."

பார்த்தேன். நாலு ரோட்டில் யானை. கீழே, சிவப்பில், ம. அருணாசலமூர்த்தி. இனிஷியலோடு. கம்பீரமாகத்தான் இருந்தது. இருபத்தேழு வருஷம் இதற்காகக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், வடிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போட்டுக்கோங்க. எத்தன வருஷத்து ஆச, எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "இனிமே லெட்டரெல்லாம் உங்க பேருக்குத்தான வரும்?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீங்க வெளிய போனப்புறம் எல்லாத்தையும் எடுத்து வாசிப்பேன். 'அன்புள்ள வடிவத்தைக்கு'ன்னு இருக்கும். என் பேரக் கூப்புட்டு யாரு எழுதுதா, சொல்லுங்க. அதான். சரி, உலகு கூப்புடுதா, வைக்கேன்."

அவள் ஒன்றைக்கூட வாசித்ததில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்து, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி இது, இப்பதான..."

"என் பேரு ரொம்ப நீளம். யானை தும்பிக்கைமேல இடிக்குது. அவ பேரு கச்சிதமா உக்காரும். வேற காரணம் ஒண்ணுமில்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் இன்னொன்றும் சொன்னேன். உள்பக்கத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். கதை சொன்னவர்: செண்பகவடிவு. கேட்டு எழுதியவர்: ம. அருணாசலமூர்த்தி. பழைய இருபத்திநான்குக்கும் மறுபதிப்பில் இதே இரண்டு வரி.

"கேட்டு எழுதியவர்னா... கோர்ட்டுல டைப்பிஸ்ட் மாதிரில்லா இருக்கு?"

"தலைமை எழுத்தன்தானய்யா நான். முப்பத்திரண்டு வருஷம் அதுதான பாத்தேன். போடுங்க."

ஜூலை 21

வடிவு வந்துவிட்டாள். உலகம்மை கட்டுப் பிரித்து நடக்கிறாளாம். வந்ததும் வராததுமாக அடுக்களையைப் பார்த்து, "இது அடுக்களையா, போர்க்களமா?" என்றாள்.

உள்பக்க அச்சுத்தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தாள். மறுபடி வாசித்தாள். தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

நான் வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, சாளரத்துக்குக் காது கொடுத்தேன். சத்தமே இல்லை. பாலோடும் பேசவில்லை, குழாயோடும் பேசவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏதோ செய்து கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பசிக்குதா?"

"இல்ல. பேச்சையே காணோமேன்னு வந்தேன். கேக்கணும்."

"அங்க உக்காந்தா கேக்காதோ?"

"இங்கன உக்காந்து கேக்கேன்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலால் முக்காலியை என் பக்கம் தள்ளி, நான் உட்கார்ந்ததும் என் மடியில் முறத்தை வைத்தாள். "கேக்க வந்தவரு சும்மா உக்காராம இந்தச் சின்ன வெங்காயத்த உரிங்க. ஓசூர் பஸ்ஸுல எனக்குப் பக்கத்து சீட்டுல ஒரு குடை வந்துச்சு. ஆள் இல்ல, குடை மட்டும். டிக்கெட்டெல்லாம் எடுத்திருக்கு..."

ஒரு மணி நேரம் சொன்னாள். கையெல்லாம் வெங்காயம், பேனா அந்த அறையில். ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. கதை ரொம்ப நன்றாக இருந்தது.